மணல் பீய்ச்சுவதற்கு முன்

பழைய படகு எஞ்சின்களையும் கப்பல் எஞ்சின்களையும் தேடிப்பிடித்து, பிரித்து, மறுபடி ஓடவைக்கும் நண்பர்களுக்கும், அவற்றைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்களில் சம்பளமின்றி உழைப்பவர்களுக்கும்,

காயலான் கடைக்கு எடைபோட்டுப் போயிருக்க வேண்டிய எஞ்சின்களை நீங்கள் காப்பாற்றுகிறீர்கள். கைக்காசு போகிறது, விடுமுறை நாட்கள் போகின்றன, பாகங்கள் கிடைப்பதில்லை, இருந்தும் செய்கிறீர்கள். நூறு வருடத்துக்கு முந்தைய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்று இன்றைக்கும் டப்டப்பென்று ஓடுகிறதென்றால் அது பெரும்பாலும் உங்களைப் போன்றவர்களின் பிடிவாதத்தால்தான். அந்த மரியாதையோடு, உங்கள் வேலையின் வரிசையில் ஓரிடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி கேட்கிறேன். எஞ்சின் பட்டறைக்கு வந்து சேர்ந்ததும் முதல் காரியமாக மணல் பீய்ச்சி, வெறும் வார்ப்பிரும்பு தெரியும்வரை சுத்தம் செய்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அதன்பிறகு, ‘கம்பெனியில் இதற்கு என்ன கலர் அடித்தார்கள்?’ என்று ஊரெல்லாம் விசாரிக்கிறோம். பதில் சொல்லக்கூடிய சாட்சி அதற்குள் பட்டறைத் தரையில் தூசியாகக் கிடக்கும். ஓர் எஞ்சினின் மேல்பூச்சைப் பற்றி மிஞ்சியிருக்கும் முதன்மையான ஆவணம், பெரும்பாலான நேரங்களில் ஒரே ஆவணம், அதன்மேல் ஒட்டியிருக்கும் பழைய பெயிண்ட்தான். அதை வாசித்த பிறகே அகற்ற வேண்டும். அகற்றும்போதும் ஓரிடத்திலாவது விட்டுவைக்க வேண்டும். அந்த வாசிப்பு எவ்வளவு சொல்கிறதோ அதற்கு மேல் நாம் சொல்லக் கூடாது. இவ்வளவுதான் என் வாதம்.

கேட்லாக் இருக்கிறதே, கம்பெனியே எடுத்த போட்டோ இருக்கிறதே என்பீர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படகு எஞ்சின் செய்தவை பெரும்பாலும் சிறிய, நடுத்தரப் பட்டறைகள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் காஸ் காப் என்ற ஊரில் பால்மர், மிஸ்டிக்கில் லாத்ராப், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிரிட்ஜ்வாட்டர் ஊரின் அகேடியா, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கெல்வின் எஞ்சின்களைச் செய்த பெர்கியஸ் என்று நீளும் வரிசை அது. இப்படிப்பட்ட ஒரு கம்பெனி மூடப்படும்போது வரைபடத்தையாவது யாராவது எடுத்துவைப்பார்கள். பெயிண்ட் வாங்கிய பில்லை யார் பத்திரப்படுத்துவார்கள்? எஞ்சியிருக்கும் கேட்லாக் பக்கங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அந்தக் கறுப்பு வெள்ளையும் நம் கண்ணுக்குப் பழகிய கறுப்பு வெள்ளை கிடையாது. அக்காலத்து போட்டோத் தட்டுகளில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியை உணராதவை. அவற்றில் நீலம் வெளுத்து வெள்ளைக்குப் பக்கத்தில் போய்விடும். நல்ல சிவப்பு கறுப்பாக விழும். எல்லா நிறத்தையும் உணரும் பிலிம் பரவத் தொடங்கியது 1920களில்தான். ஆகவே 1910இல் எடுத்த படத்தைப் பார்த்து ‘இது அடர்ந்த நிறம், எனவே கறும்பச்சை’ என்று தீர்ப்புச் சொல்பவர், ஒரு சிவப்பு எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இன்னொரு சங்கடமும் உண்டு. ரயில் எஞ்சின் கம்பெனிகள் படம் எடுப்பதற்காகவே சாம்பல் பெயிண்ட் அடித்து நிறுத்தி, எடுத்து முடித்ததும் உரிய நிறத்தை அடித்த வழக்கம் பிரசித்தம். விளம்பரத்துக்கு நிற்கும் எஞ்சின் விற்பனைக்குப் போகும் எஞ்சினைப் போலவே இருந்திருக்கும் என்ற நம்பிக்கைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வண்ணத்தில் அச்சான கேட்லாக் அட்டை கிடைத்தால் மகிழலாம். ஆனால் அதில் இருப்பது அச்சகத்துக்காரரின் பச்சை.

‘சரியான கலர் எண் இதுதான்’ என்று சிலர் அடித்துச் சொல்வதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜெர்மனியின் ரால் வண்ண அட்டவணை 40 நிறங்களோடு தொடங்கியது 1927இல். பிரிட்டனின் பிஎஸ் 381 வந்தது 1930இல். அதற்கு முன் பெயிண்ட் கம்பெனிகள் தத்தம் பெயரில் பச்சையையும் சிவப்பையும் விற்றன. ஒரு தொழிற்சாலை வருடத்துக்கு வருடம் வேறு வேறு கடையில் வாங்கியும் இருக்கலாம். 1908ஆம் வருட எஞ்சினுக்கு இன்றைய எண் ஒன்றைச் சொன்னால், அது பிற்காலத்தில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு துண்டைக் கண்ணால் ஒப்பிட்டுச் சொன்ன பொருத்தம். எந்தத் துண்டு, எந்த எஞ்சின், எந்த வெளிச்சத்தில் என்று கேட்டால் பதில் வராது. ஒருவர் சொன்னதை மற்றவர் எடுத்துச் சொல்லி, பத்துப் பேர் அடித்த பிறகு, அந்தப் பத்து எஞ்சின்களையே ஆதாரமாகக் காட்டும் நிலைமையும் வந்துவிடுகிறது.

காகிதத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. எஞ்சினின் வரலாற்றுக்குக் காகிதம் அருமையான துணை. லாயிட்ஸ் ரிஜிஸ்டர் வருடந்தோறும் வெளியிட்ட கப்பல் பதிவேடுகளில் எஞ்சின் செய்தவர் பெயர், சிலிண்டர் விட்டம், ஸ்ட்ரோக், கொதிகலன் அழுத்தம் எல்லாம் வரும். லண்டனில் 1856 முதல் வந்த ‘தி என்ஜினியர்’, 1866 முதல் வந்த ‘என்ஜினியரிங்’ ஆகிய வார இதழ்களில் பெரிய எஞ்சின்களின் வரைபடங்கள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பெயர்த்தகட்டில் பொறித்த காப்புரிமைத் தேதி, இந்த எஞ்சின் இதற்கு முன் பிறந்திருக்க முடியாது என்று ஒரு பக்க எல்லையைத் தந்துவிடும். யார் செய்தார், எப்போது, எந்தப் படகுக்கு என்பதற்கெல்லாம் இவை பதில் தரும். நிறம் என்று வந்தால்தான் வாயை மூடிக்கொள்கின்றன.

பெயிண்ட் பேசும். எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். வெயிலும் எண்ணெயும் உப்புத்தாளும் எட்டாத இடங்கள் ஒவ்வொரு எஞ்சினிலும் உண்டு: பெயர்த்தகட்டின் பின்புறம், தண்ணீர் பம்ப் பொருந்தும் முகத்தின் ஓரம், கால்களை மரத்தில் இறுக்கிய போல்ட் வாஷருக்கு அடியில் இருக்கும் வட்டம், ஃபிளைவீலின் உட்பக்கம். அங்கே கூர்மையான கத்தி முனையால் குண்டூசித் தலை அளவு செதில் ஒன்றை இரும்புவரை இறங்கி எடுத்து, தெளிவான ரெசினில் நிறுத்தி, ஈர உப்புத்தாளில் படிப்படியாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வெட்டிய மண் சுவரைப்போல அடுக்கு அடுக்காகத் தெரியும். வார்ப்பின் மேடு பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி, அதற்கு மேலே பிரைமர், அதன்மேல் முதல் நிறம், பிறகு ஒரு மெல்லிய கறுப்புக் கோடாக எண்ணெய் அழுக்கு, அதன்மேல் இரண்டாவது நிறம். அந்த அழுக்குக் கோடு மிக முக்கியம். அது இருந்தால், கீழிருக்கும் நிறத்தோடு எஞ்சின் சில காலம் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் இரண்டு நிறமும் ஒரே வேலையின் இரண்டு பூச்சாக இருக்கலாம்.

நிறமிகளுக்கும் பிறந்த தேதி உண்டு. டைட்டானியம் வெள்ளை வியாபாரத்துக்கு வந்தது முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டித்தான். தாலோசயனின் நீலம் சந்தைக்கு வந்தது 1935இல். 1908ஆம் வருட எஞ்சினின் அடி அடுக்கில் டைட்டானியம் வெள்ளை தென்பட்டால், அந்த அடுக்கு தொழிற்சாலையில் அடித்ததாக இருக்க முடியாது. நடுவில் யாரோ ஒருமுறை சுரண்டி மறுபடி அடித்திருக்கிறார்கள். உலோகப் பூச்சுக்கும் இதே கணக்குதான். குரோம் பூச்சு தொழில்முறையில் பரவியது 1920களின் நடுப்பகுதிக்குப் பிறகு. அதற்கு முந்தைய எஞ்சினில் பளபளப்பாக இருந்தது நிக்கல். அதில் இலேசான மஞ்சள் சாயல் இருக்கும், குரோமில் இருக்கும் நீலம் இருக்காது. 1912ஆம் வருட எஞ்சினின் பித்தளைக் குழாயைக் குரோமுக்கு அனுப்புகிறவர், அந்தக் காலத்தில் யாரும் பார்த்திராத ஒரு பொருளைச் செய்கிறார். தனிமங்களைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டுமே என்று மலைக்க வேண்டியதில்லை. நகையின் தரம் பார்க்க ஹால்மார்க் மையத்தில் வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவியின் தத்துவமேதான் இதற்கும். கையில் பிடிக்கும் அளவுக் கருவியால் ஈயம், துத்தநாகம், குரோமியம், டைட்டானியம் எல்லாம் சில நொடிகளில் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அது எல்லா அடுக்குகளையும் சேர்த்துத்தான் பார்க்கும். மேல் அடுக்கின் டைட்டானியத்தை அடி அடுக்கின் கணக்கில் எழுதிவிடாமல் இருக்க, அடுக்குப் படத்தோடு வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு வரும். ‘பெயிண்டும் பொய் சொல்லுமே, நூறு வருடத்தில் நிறம் மாறாதா?’ மாறும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பெயிண்ட் இருட்டில் மஞ்சளாகும்; வெள்ளை கிரீம் ஆகும், நீலம் பச்சை பக்கம் சாயும். அக்காலப் பச்சைகள் பல பிரஷ்யன் நீலமும் குரோம் மஞ்சளும் கலந்தவை. குரோம் மஞ்சள் காலப்போக்கில் கறுத்தால் மொத்தப் பச்சையும் இருண்டுவிடும். படகின் அடித்தட்டில் தேங்கும் அழுக்குத் தண்ணீரிலிருந்து எழும் வாயு, ஈய வெள்ளையைக் கறுப்பாக்கும். அப்படியானால் பெயிண்ட் கடைக்குச் செதிலை எடுத்துப்போய் ‘இதே நிறத்தில் ஒரு லிட்டர்’ என்று கேட்பது தவறு. ஆனால் நிறம் மாறினாலும் நிறமியில் இருந்த உலோகத் தனிமங்கள் அங்கேயே இருக்கும். என்னென்ன கலந்திருந்தது என்று தெரிந்தால், புதிதாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று கிட்டத்தட்டக் கணிக்கலாம். கிட்டத்தட்ட என்ற வார்த்தையை விளக்கப் பலகையிலும் எழுதிவிடுங்கள். பிரஷ்ஷால் பூசிய எண்ணெய்ப் பெயிண்டின் மேல்பரப்பில் மயிர்க்கோடுகள் இருக்கும், பளபளப்பு அடக்கமாக இருக்கும். கார் பட்டறையில் ஸ்பிரே செய்த இன்றைய கண்ணாடிப் பளபளப்பு, நிறம் சரியாகவே இருந்தாலும், காலத்தால் தவறு. ஸ்டாக்ஹோமின் போலிண்டர் போன்ற ஹாட் பல்ப் எஞ்சின்களின் தலையை ஊதுவிளக்கால் நன்றாகச் சூடாக்கித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்த இடத்தில் எந்த எண்ணெய்ப் பெயிண்டும் நின்றிருக்காது. கண்காட்சிகளில் அந்தத் தலையும் மினுமினுவென்று நிற்பதைப் பார்த்தால், அது எதற்காக அங்கே இருக்கிறது என்பதே மறந்துபோய்விட்டதோ என்று தோன்றுகிறது.

நம் கண்ணுக்கு ‘சரி’ என்று படுவது எங்கிருந்து வந்தது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். 1997இல் வந்த ‘டைட்டானிக்’ படத்தின் எஞ்சின் அறைக் காட்சிகளுக்கு, 1943இல் நீரில் இறங்கிய ஜெரமையா ஓ’பிரையன் என்ற லிபர்ட்டி கப்பலின் எஞ்சினைப் படம்பிடித்தார்கள். டைட்டானிக்கில் இருந்தவை நான்கு சிலிண்டர் ராட்சதர்கள். இதுவோ போர்க்காலத்தில் வேகமாகக் கட்டிய சரக்குக் கப்பலின் மூன்று சிலிண்டர் எஞ்சின். சினிமாவுக்கு அது போதும். 1912இன் எஞ்சின் அறை எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தலைமுறையின் மனதில் பதிந்திருப்பது 1943இன் எஞ்சின்தான்.

இப்போது, என் வாதத்துக்கு எதிராக உள்ளவற்றில் வலுவானதற்கு வருகிறேன். ‘ஒரிஜினல் என்று ஒன்று கிடையாது. தொழிற்சாலை ஒன்று அடித்தது, படகு கட்டியவர் ஒன்று அடித்தார், எஞ்சின்காரர் வருடாவருடம் கையில் கிடைத்ததை அடித்தார். இதில் எதைத் தேடச் சொல்கிறாய்?’ முழுக்க உண்மை. 1940களில் அமெரிக்காவின் ஹிக்கின்ஸ் தரையிறங்கு படகுகளில் ஓடிய கிரே மரைன் டீசல், அடிப்படையில் ஜெனரல் மோட்டார்ஸின் 6-71. ஒரு கம்பெனியின் எஞ்சினை இன்னொன்று கடலுக்கேற்ப மாற்றியது. எது அசல் பூச்சு என்ற கேள்விக்கு அங்கே இரண்டு பிறந்த வீடு. ஆனால் இந்த மறுப்பு என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. அசல் ஒன்றே என்றால், ஓர் எஞ்சினைச் சோதித்து மற்றவற்றைச் சுரண்டிவிடலாம். பல என்பதால்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு ஜாந்தோவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1848இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் டென்னி கட்டிய துடுப்புச் சக்கரக் கப்பல் அது. 1871இல் கிளாஸ்கோவின் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் அதன் பழைய எந்திரத்தைக் கழற்றிவிட்டு, பிரிட்டிஷ் கடற்படை கழித்த ஓர் எஞ்சினைப் பொருத்தி விற்றார். வாங்கிய சார்லஸ் பிராட்ஹர்ஸ்ட் முத்துக் குளிப்புத் தொழிலுக்காக மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார். 1872 நவம்பரில் போர்ட் கிரிகரி அருகே மூழ்கியது. 1985இல் மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் அந்த எஞ்சினைக் கடலிலிருந்து தூக்கியது. கிரிமியப் போர்க் காலத்துப் பீரங்கிப் படகுகளுக்காக கிரீனிச்சின் ஜான் பென் தொகுதி தொகுதியாகச் செய்த வகை அது. பிஸ்டனோடு சேர்ந்த உருளைக் குழல் சிலிண்டரின் இருபுறமும் நீண்டிருக்க, இணைப்புத் தண்டு அந்தக் குழலுக்குள்ளேயே ஆடும் அமைப்பு. குண்டு படாமல் நீர்மட்டத்துக்குக் கீழே படுத்திருக்க ஏதுவாகச் செய்தது. பல பத்தாண்டுகள் பொறுமையாக மேலோட்டை உடைத்து, மின்பகுப்பில் உப்பை இறக்கி, கடைசியில் கையால் சுழற்றும் நிலைக்கே கொண்டுவந்தார்கள். அப்படிப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஜாந்தோவில் கப்பல் முன்னே போவதற்கு எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள் என்று. எந்தப் பதிவேடும் இதைச் சொல்லவில்லை. ‘பென் செய்த அசல் நிலைக்கு’ அதை மீட்டிருந்தால், பீரங்கிப் படகு ஒன்றின் எஞ்சின் நமக்குக் கிடைத்திருக்கும். இரண்டாம் கை எஞ்சினை எப்படியோ ஒப்பேற்றிய ஒரு முதலாளியின் கதை போயிருக்கும். பெயிண்ட் அடுக்கு சொல்வதும் இதே ரகச் செய்திதான், சிறிய அளவில்.

‘உப்புத் தண்ணீரில் கிடந்த இரும்பு, சுரண்டாவிட்டால் துருவே தின்றுவிடும்’ என்பது அடுத்த மறுப்பு. ஓட வேண்டிய எஞ்சினைத் துருவோடு விடச் சொல்லவில்லை. ஆனால் வெகுநாள் கடலில் கிடந்த வார்ப்பிரும்புக்கு மணல் பீய்ச்சுவது மருந்தே இல்லை. அதில் இரும்பு கரைந்துபோய், கிராஃபைட்டும் துருவும் கலந்த மென்மையான ஓடு மேலே நிற்கும், கத்தியால் சீவலாம். வடிவம், வார்ப்பெழுத்து, பாக எண் எல்லாம் அந்த ஓட்டில்தான் இருக்கின்றன. மணல் பட்டதும் எழுத்து போய்விடும், உள்ளே இருக்கும் உப்பு அப்படியே இருக்கும். சில மாதத்தில் புதுப் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு துரு வெளியே வரும். பித்தளைப் பெயர்த்தகட்டைப் பாலிஷ் போட்டே தேய்ப்பவர்களுக்கும் இதே வேண்டுகோள். அந்தத் தகடுகளில் பல, எழுத்தைச் சுற்றிக் கறுப்போ சிவப்போ நிரப்பி வந்தவை. ஒவ்வொரு பாலிஷுக்கும் அந்த நிறமும் எழுத்தின் விளிம்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியில் ஒட்டிக்கொண்டு போகின்றன. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கிறதே, ஆபத்தல்லவா என்றும் கேட்கலாம். ஆபத்துதான், அதைத் தூசியாக்கிக் காற்றில் கலக்கும் மணல் பீய்ச்சலைவிட, கையுறை போட்டு ஈரத்தோடு எடுக்கும் ஒரு செதில் எவ்வளவோ பாதுகாப்பு.

‘என் காசு, என் எஞ்சின், எனக்குப் பிடித்த கலர்’ என்பவரோடு சண்டை இல்லை. ஊதாவே அடிக்கட்டும். ‘ஒரிஜினல் கலர்’ என்று பலகை வைக்காதவரைக்கும் அது நேர்மையான ஊதா. பிரிஸ்டலில் எஸ்எஸ் கிரேட் பிரிட்டன் கப்பலுக்குள் சுழல்வது முழு அளவு நகல் எஞ்சின். போர்ட்ஸ்மத்தில் நிற்கும் எச்எம்எஸ் வாரியரில் இருப்பதும் நகல்தான், மின்மோட்டாரால் மெல்லச் சுழல்கிறது. நகல் என்று சொல்லித்தான் காட்டுகிறார்கள். பார்க்க வருபவர்களும் குறையவில்லை. பூச்சுக்கும் அந்த ஒழுங்கைக் கொண்டுவருவதில் என்ன கஷ்டம்? ‘அடி அடுக்கில் கண்ட நிறமியை வைத்து ஊகித்தது’, ‘இதே மாடலின் வேறொரு எஞ்சினிலிருந்து எடுத்தது’, ‘ஆதாரமில்லை, உரிமையாளர் விருப்பம்’ என்று மூன்றில் ஒன்றை விளக்கப் பலகையில் எழுதினால் போதும்.

ஆகவே அடுத்த எஞ்சின் வந்து இறங்கியதும் முதலில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு வண்ண அட்டையை வைத்து. பெயர்த்தகட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். நாலைந்து இடங்களில் செதில் எடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, எஞ்சின் பெயர், வரிசை எண், எடுத்த இடம், தேதி எழுதி ஒட்டுங்கள். இன்றைக்கு ஆராய வசதி இல்லையென்றாலும் பரவாயில்லை, செதில் கெட்டுப்போகாது. முழுவதும் சுரண்டித்தான் ஆக வேண்டுமென்றால், கண்ணில் படாத ஒரு மூலையில் உள்ளங்கை அளவு பழைய பெயிண்டை மூடிவைத்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்; அந்த மூலை எது என்று எஞ்சினின் கோப்பில் குறித்துவையுங்கள். எஞ்சினை விற்கும் நாளில் குப்பிகளும் கோப்பும் அதோடு போக வேண்டும். லேபிளை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். பட்டறை எண்ணெய் பட்டால் பேனா மை கலைந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் வேலையை மதிக்கும் ஒருவன்